அடுத்த கேள்விக்கு அடுத்த வரி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பேச வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிறவர் மாவுப்பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர் எழுந்து போகமாட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் பாறையைப் பற்றிச் சொல்லும்போதும், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் வெயில் காலத்துத் தீவனக் கணக்கை விளக்கும்போதும், இளம்பிள்ளைத் தறிக்காரர் பாவு அறுந்தால் என்ன செய்வார் என்று சொல்லும்போதும் அப்படித்தான். அதே ஆளிடம் ஒரு பேனாவைக் கொடுத்து, இப்போது சொன்னதைக் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால், வேறு யாரோ எழுதியதுபோல் ஒன்று வந்து சேரும். திருக்குறளில் தொடங்கி, 'இன்றியமையாதது' என்று நீண்டு, 'மேற்கொள்ளப்பட வேண்டும்' என்று முடியும். பேச்சில் இருந்த மனிதர் அதில் இருக்கமாட்டார். கட்டுரை எழுதுவதையும் பிறர் எழுதியதைச் செப்பனிடுவதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், எனக்கு இது வெறும் நடைச் சிக்கலாகத் தெரியவில்லை. இந்த மண்ணின் தொழிலறிவில் பெரும்பகுதி ஏட்டுக்கு ஏறாமல் போவதற்கு இதுவே காரணம். அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: 'பேசுவதுபோல எழுதுங்கள்.' அறிவுரை சரியானது, ஆனால் பாதிதான். கேட்டவர்கள் உடனே பேச்சின் ஓசையைக் காகிதத்தில் இறக்கப் பார்க்கிறார்கள். 'வாங்க', 'போங்க', 'பாருங்களேன்' என்று சேர்த்துக்கொண்டு, வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். பேச்சைப் பேச்சாக்குவது ஓசை என்றால், மேடையில் ஒருவர் எழுதிவைத்து ஒப்பிப்பதும் பேச்சாகத்தான் இருக்க வேண்டும். அது நம்மைப் பிடித்து நிறுத்துவதில்லை. நேர்ப்பேச்சில் நம்மைப் பிடித்து நிறுத்துவது எதிரே ஓர் ஆள் இருப்பது. அவர் புருவத்தைச் சுருக்கினால் பேசுகிறவர் விளக்குகிறார். 'அப்புறம்?' என்றால் அடுத்ததைச் சொல்கிறார். 'அதெப்படி?' என்றால் சான்று காட்டுகிறார். 'தெரியும், தெரியும்' என்று தலையசைத்தால் தாண்டிப் போகிறார். எழுதும்போது அந்த ஆள் இல்லை. அவர் எந்த இடத்தில் என்ன கேட்பார் என்று எழுதுகிறவரே ஊகித்து, அந்தக் கேள்விக்கான பதிலை அடுத்த வரியில் வைத்தாக வேண்டும். பேச்சு நடை என்று நான் சொல்வது இந்த வரிசையைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறது.

ஒரு சின்ன உதாரணத்தில் இதைப் பார்க்கலாம். 'மரவள்ளிக் கிழங்குகளில் அடங்கியுள்ள மாவுச்சத்தின் அளவு கணக்கிடப்பட்டு, அதன் அடிப்படையில் ஆலைகளால் விலை நிர்ணயம் செய்யப்படுகிறது.' இதில் இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனாலும் படித்து முடித்தவருக்கு எதுவும் கண்ணில் தெரிவதில்லை. இப்போது இப்படி எழுதிப் பார்ப்போம்: 'கிழங்கு லோடு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குள் போனதும் முதலில் எடை, அடுத்தது பாயின்ட். கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பாயின்ட். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்துச் சோதித்து ஆலைக்காரர் அதைச் சொல்வார். ஒரு பாயின்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை பேசுவது. ஆகவே பாயின்ட் இரண்டு இறங்கினால் லோடு முழுவதற்கும் பணம் இறங்கும். மழை பெய்தபின் பிடுங்கினால் மாவு குறைந்துவிடும் என்பதால், எந்த நாளில் பிடுங்குவது என்பதே விவசாயிக்கு ஒரு கணக்கு.' இரண்டாவது பத்தியில் 'கெழங்கு' இல்லை, 'சொல்லுவாருங்க' இல்லை. முழுக்க முழுக்க எழுத்துத் தமிழ்தான். ஆனால் பாயின்ட் என்றால் என்ன, அதை யார் பார்க்கிறார், குறைந்தால் எனக்கு எவ்வளவு நட்டம், குறையாமல் இருக்க நான் என்ன செய்வது என்று கேட்பவர் மனத்தில் எழும் நான்கு கேள்விகளுக்கும் அவை எழும் வரிசையிலேயே பதில் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் செயல் உண்டு, செய்கிறவருக்கு முகம் இல்லை. விலை தானாகவே நிர்ணயமாகிவிடுகிறது. இரண்டாவதில் ஆலைக்காரர் இருக்கிறார், விவசாயி இருக்கிறார், அவர்களுக்கு நடுவே பணம் இருக்கிறது. படிக்கத் தூண்டுவது அந்த மூன்றும்தான்.

இது இன்று கண்டுபிடித்த வித்தை இல்லை. இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. சேலத்தில் 1900 முதல் வக்கீல் தொழில் நடத்தி, 1917 முதல் 1919 வரை அந்நகர நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்ற மாத இதழ் வந்தது. ராஜாஜி ஆசிரியர், அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. மதுவிலக்கு ஒன்றையே பேசிய இதழ் அது. பத்து இதழ்களே வந்தன. அந்தப் பொருளை எடுத்துக்கொள்கிற எவருக்கும் உபதேசம் செய்வதுதான் எளிய வழி. குடி குடியைக் கெடுக்கும் என்று ஆயிரம் முறை கேட்டவரிடம் ஆயிரத்தோராவது முறையும் அதையே சொல்லிப் பயனில்லை. உழைத்த அலுப்புக்கு வேறென்ன வழி, கள்ளுக்கடையை மூடினால் சர்க்கார் வருமானத்துக்கு எங்கே போகும், அடுத்த ஊரில் கடை இருக்கிறதே என்று அவர் கேட்கத் தயாராக இருக்கிறார். கதையாகவும் படமாகவும் கணக்காகவும் பேசிய அந்த இதழ், கேள்வி கேட்கும் அந்த ஆளை முன்னால் நிறுத்திக்கொண்டுதான் நடந்திருக்க முடியும். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக வந்தபின் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்தது சேலம் ஜில்லாவில். வருமானக் கேள்விக்கு 1939இல் விற்பனை வரி விடையாக வந்தது. ஓர் இதழால் சட்டம் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. எதிர்க்கேள்விகளை மதித்துப் பதில் தேடும் பழக்கம் எழுத்திலும் ஆட்சியிலும் ஒன்றாகவே இருந்தது என்கிறேன்.

புதுப்பாளையத்திலிருந்து சென்ற கல்கி பிறகு ஆனந்த விகடனிலும், 1941இல் தொடங்கிய தம் சொந்தப் பத்திரிகையான 'கல்கி'யிலும் எழுதியவற்றைத் தமிழர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்கள், ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். அவர் உரைநடையைப் பிரித்துப் பார்த்தால், அதில் பேச்சுவழக்கு உச்சரிப்பு மிகக் குறைவு. எழுத்துத் தமிழின் வினைமுற்றுகள்தாம். ஆனால் வாசகர் எங்கே தயங்குவார் என்று தெரிந்து அங்கே நின்று பேசுவார், எங்கே அலுப்பார் என்று தெரிந்து அங்கே வேகமாக நகர்வார். ராஜாஜியும் கல்கி இதழில் 'வியாசர் விருந்து' எழுதியபோது இதையேதான் செய்தார். கடல் போன்ற பாரதத்தைச் சின்னச் சின்ன அத்தியாயங்களாக்கி, ஒவ்வொன்றிலும் கேட்பவருக்கு எழும் ஒரு தர்மசங்கடத்தை எடுத்துக்கொண்டு பேசினார். அவருடைய ராமாயணமான 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எளிய நடை இலக்கியத் தகுதி பெறாது என்று அஞ்சுகிறவர்கள் அந்த விருதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் 'என் கதை'யும் இந்த வழிதான். கவிஞர் என்று பெயர் பெறுமுன் அவர் ஓவியர். எதை வரைவது, எதை விடுவது என்று பழகிய கண், உரைநடையிலும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். கதைக்கும் புராணத்துக்கும் இது பொருந்தும். வேதியியலுக்கும் சட்டத்துக்கும் பொறியியலுக்கும் பொருந்துமா? பேச்சு நடையில் எழுதினால் பொருள் நீர்த்துப்போகாதா? இந்தக் கேள்விக்கும் சேலத்திலேயே விடை உண்டு. 1916இல் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ராஜாஜி ஒருவர். அறிவியலைத் தமிழில் சொல்ல முதலில் கலைச்சொல் வேண்டும் என்பது அந்தக் கழகத்தின் நோக்கம். நல்ல நோக்கம், தேவையானதும்கூட. ஆனால் அதே ராஜாஜி பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்ற நூலையும் எழுதினார். தலைப்பே அதன் முறையைச் சொல்லிவிடுகிறது. சோதனைச்சாலையில் நடக்கும் பாடத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, படிக்காதவர் கேட்கும் கேள்விகளின் வழியே ரசாயனத்தைச் சொல்வது. இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: கலைச்சொல் அறிவின் தொடக்கம் இல்லை, அது ஒரு விளக்கத்தின் முடிவில் வந்து உட்கார வேண்டியது. முதலில் பொருளைக் காட்டி, அதற்கொரு பெயர் வேண்டுமே என்று வாசகரே நினைக்கும் இடத்தில் பெயரைச் சொன்னால் அது மறக்காது. பெயரை முதலில் வீசிவிட்டு விளக்கத்தைப் பின்னால் துரத்தவிடுவதுதான் நம் பாடப்புத்தகங்கள் செய்வது. நீர்த்துப்போவது பேச்சு நடையினால் நேர்வதில்லை; எழுதுகிறவருக்கே பொருள் சரியாகப் பிடிபடாதபோது நேர்கிறது. அதைக் கடினமான சொற்கள் மறைத்துவிடும், பேச்சு நடை காட்டிக்கொடுத்துவிடும். இந்த நடையைப் பலர் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுப்பாளையம் ஆசிரமத்துக்கு ஊக்கமாக இருந்த காந்தியும் இதைத் தம் மொழியில் வற்புறுத்தியவர். 1925 முதல் 1929 வரை தம் வாழ்க்கையைக் குஜராத்தியில் 'நவஜீவன்' வார இதழில் தொடராக எழுதியவர் அவர். கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் உழவருக்கும் புரிகிற எழுத்து வேண்டும் என்று குஜராத்தி எழுத்தாளர்களிடம் கேட்டார். கொங்கு மண்ணில் அந்த ஆளை நாம் நன்றாகவே அறிவோம்; கவலை ஓட்டி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அவருக்குப் புரியும்படி எழுதுவது என்றால் அவருக்கு அறிவு குறைவு என்று நினைத்துக் கீழிறங்குவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நேர்மாறாகத்தான் இருக்க வேண்டும். மாட்டையும் கிணற்றின் ஆழத்தையும் வாய்க்காலின் வாட்டத்தையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டு வேலை செய்தவர் அவர். அவரை ஏமாற்றுவது கடினம். பொத்தாம்பொதுவாக ஏதாவது சொன்னால் உடனே 'எப்படி?' என்று கேட்பார். அப்படிக் கேட்கக்கூடியவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து எழுத்துக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை.

அடுத்த எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வரும். பேச்சுதான் முக்கியம் என்றால் வட்டார வழக்கிலேயே எழுதிவிடலாமே, ஏன் எழுத்துத் தமிழைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது அது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரும் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவருமான பெருமாள்முருகனின் எழுத்தை வைத்து இதை யோசிக்கலாம். 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர் அவர்; இந்த வழக்கின்மேல் அவருக்குள்ள பற்றை யாரும் ஐயுற முடியாது. ஆனாலும் 'கூளமாதாரி' போன்ற நாவல்களில் பாத்திரங்களின் வாயில் வழக்கை முழுமையாக வைக்கும் அவர், கதை சொல்லும் குரலைப் பெரும்பாலும் பொதுத்தமிழில், வட்டாரத்துக்கே உரிய பெயர்ச்சொற்களோடு நடத்துகிறார். கட்டுத்தரை, பட்டி, கவலை என்பவற்றுக்கு மாற்று தேடுவது வீண். பொருளோடு பிறந்த சொற்கள் அவை. உச்சரிப்பின் கதை வேறு. 'வந்துட்டுருந்தானுங்க' என்று எழுதினால் திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் கண்ணால் படிப்பதை நிறுத்தி, வாயால் சொல்லிப் பார்த்துத்தான் மேலே போக முடியும். விளக்கவந்த கட்டுரைக்கு அந்தத் தடை வேண்டாம். கி. ராஜநாராயணன் கதை சொல்லும் குரலையே கரிசல் வழக்கில் அமைத்து வென்றாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே கதைசொல்லியும் ஒரு பாத்திரம். அவர் குரலைக் கேட்கவே நாம் போகிறோம். அவரிடமும் நம்மைக் கட்டிப்போடுவது எதை முதலில் சொல்லி எதை நிறுத்திவைக்கிறார் என்ற வரிசை. ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வரிசையை விட்டவர்கள் அவரைப்போல் எழுத முயன்று தோற்கிறார்கள்.

மூன்றாவது எதிர்ப்பு இந்த ஊருக்கே உரியது. அலங்காரத் தமிழையும் மக்கள் கொண்டாடினார்களே என்பார்கள். சேலத்தில் 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' 1950இல் வந்தது; மு. கருணாநிதியின் வசனத்தை ஊரே மனப்பாடமாகச் சொன்னது. எதுகையும் மோனையும் அடுக்கும் நிறைந்த தமிழ் அது. யாரும் புரியவில்லை என்று எழுந்து போகவில்லை. இதை நான் மறுக்கவில்லை. அந்த வசனத்தின் ஆற்றல் உண்மையானது. ஆனால் அதைத் தாங்கி நின்றவை எவை என்று பார்க்க வேண்டும். நடிகரின் குரல் இருந்தது, முகம் இருந்தது, எதிரே நின்று பதிலடி கொடுக்கும் இன்னொரு பாத்திரம் இருந்தது. கேள்விக்குப் பதில் அடுத்த வரியிலேயே வந்தது. அலங்காரத்துக்குள்ளும் உரையாடல் ஓடியது. அந்த அலங்காரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கிற ஒருவர் முன்னால் வைத்தால், குரலும் முகமும் இல்லாமல் அது கனக்கிறது. பத்து அடைமொழிகளுக்கு நடுவில் செய்தியைத் தேட வேண்டியிருக்கிறது. நம் மலர்க் கட்டுரைகளும் விழா உரைகளின் அச்சு வடிவங்களும் படிக்கப்படாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பேச்சு நடையின் பெயரால் இன்று நடக்கும் ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். 'வணக்கம் மக்களே' என்று தொடங்கி, 'வாங்க பார்க்கலாம்' என்று நான்கு வரி அழைத்து, ஆச்சரியக்குறிகளைக் கொட்டி, சொல்லவந்ததை ஐந்தாவது பத்திக்குத் தள்ளும் எழுத்து. இதில் நெருக்கத்தின் பாவனை இருக்கிறது, எதிரில் இருப்பவர்மேல் கவனம் இல்லை. 'எப்போது விஷயத்துக்கு வருவீர்கள்?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குத்தான் பதில் இல்லை. நேர்ப்பேச்சிலும் இப்படிப்பட்டவர்களிடமிருந்து நாம் நைசாக நழுவிவிடுகிறோம். பேச்சில் கூறியது கூறல் உண்டு, இழுவை உண்டு, 'வந்து', 'அதாவது' என்று மூச்சு வாங்கும் சொற்கள் உண்டு. அவை பேசுகிறவருக்கு யோசிக்க நேரம் தருபவை. எழுதுகிறவருக்கு யோசிக்க நாள் முழுக்க இருக்கிறது. ஆகவே அவற்றை நீக்கிவிடலாம். அதேபோல் வாக்கியம் குட்டையாக இருந்தால்தான் பேச்சு நடை என்பதும் தவறான நம்பிக்கை. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' பொறுமையாக நடக்கும் உரைநடை. பாட்டி கதை சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் 'வந்து', 'போய்', 'பார்த்து', 'எடுத்து' என்று எச்சங்களாகவே தொடுத்துக்கொண்டு போவார். கேட்கிறவர் வழி தவறமாட்டார். நிகழ்ச்சியின் வரிசையும் சொல்லின் வரிசையும் ஒன்றாக இருந்தால் நீளம் ஒரு பொருட்டில்லை.

கட்டுரையின் தொடக்கத்தையும் இந்த அளவுகோலால்தான் நான் பார்க்கிறேன். போர் போடுவதைப் பற்றி எழுத ஒருவர் உட்கார்ந்தால் நீரின் அருமை, நிலத்தடி நீரின் வீழ்ச்சி, பருவமழையின் பொய்ப்பு என்று மூன்று பத்தி போன பிறகுதான் வண்டி காட்டுக்குள் வரும். போர் போடுகிற விவசாயிக்கு அன்றைக்கு இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இன்னும் எத்தனை அடி? கூலி அடிக் கணக்கு. மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கியாயிற்று. கெட்டிப் பாறையில் சுத்தி இறங்கிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் காற்றில் கல்மாவு புகையாகப் பறக்கிறது. தண்ணீர் ஊற்றுக் கண் கிடைத்தால் புகை அடங்கிச் சேறாக வரும். அதுவரை ஒவ்வொரு அடியும் கடன். இங்கே நிறுத்தினால் போட்ட பணம் போயிற்று. மேலே போனால் இன்னும் கொஞ்சம் பணமும் போகலாம். கட்டுரை இந்த இடத்தில் தொடங்கினால், நிலத்தடி நீர் ஏன் இறங்கியது, பாறை வெடிப்பில் தண்ணீர் எப்படித் தங்குகிறது, பக்கத்துக் காட்டில் கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கவில்லை என்று வாசகரே கேட்டுக்கொண்டு வருவார். நிலவியல் பாடம் முழுவதையும் அவருக்குச் சொல்லிவிடலாம். பெரிய விஷயத்தை விட்டுவிடுகிறோம் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அது தனக்குரிய இடத்தில் வருகிறது.

இதெல்லாம் பிறவித் திறமை, சொல்லிக்கொடுத்து வராது என்று கடைசியாக ஒரு வாதம் உண்டு. குரலும் நகைச்சுவையும் ஒருவருக்கு இயல்பாக அமையலாம். வரிசையைக் கற்றுக்கொள்ள முடியும். எழுதப்போகும் பொருளை, அது தெரியாத, ஆனால் தெரிந்துகொள்ள விருப்பமுள்ள ஒருவரிடம் முதலில் வாயால் சொல்லுங்கள். அத்தையாக இருக்கலாம், பக்கத்துக் கடைக்காரராக இருக்கலாம். அவர் இடையில் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள்தாம் உங்கள் கட்டுரையின் பத்திகள். அவர் கேட்ட வரிசைதான் கட்டுரையின் வரிசை. எழுதி முடித்ததும் 'படுகிறது', 'பட்டுள்ளது' என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இதை யார் செய்தார் என்று கேட்டு, அந்த ஆளை எழுவாயாக உட்கார வையுங்கள். பிறகு உரக்கப் படித்து, எங்கே உங்களுக்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே பிரியுங்கள். ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ தொழில் செய்கிற ஒருவருக்கு இதற்குமேல் எந்தப் பயிற்சியும் வேண்டாம். பொருள் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மரவள்ளியைப் பற்றியும் தறியைப் பற்றியும் போரைப் பற்றியும் வெளியூர்க்காரர்கள் அறிக்கைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்வரை, அந்தத் தொழில்களில் எடுக்கப்படும் முடிவுகளும் அந்த அறிக்கைகளை நம்பியே எடுக்கப்படும். தொழில் செய்கிறவர்களே, தாங்கள் பேசுகிற வரிசையில் எழுதத் தொடங்க வேண்டும். புதுப்பாளையம் போன்ற ஒரு கிராமத்திலிருந்து 1929இல் அப்படி ஓர் இதழை நடத்த முடிந்தது என்றால், இன்று நடத்த முடியாததற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.